பாட்டன் மாளிகையைப் பெயர்த்த பேரன்

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் புது வீடு கட்டுகிற சிலருக்கு ஓர் ஆசை உண்டு. தரைக்கு ஆத்தங்குடி கல் வேண்டும். கூடத்துக்குக் கடைந்தெடுத்த தேக்குத் தூண் வேண்டும். வாசலுக்குச் சித்திர வேலைப்பாடுள்ள பழங்காலக் கதவு வேண்டும். காரைக்குடிக்குப் போகிறார்கள். இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் தூணையும் கதவையும் விலை பேசி, லாரியில் ஏற்றி வருகிறார்கள்.

இது புதிய மோகம் அல்ல. 350 ஆண்டுகளுக்கு முன்பே, இதே திருச்சியில் ஒருவர் இதைச் செய்தார். அவர் கட்டியது வீடு அல்ல, அரண்மனை. அவர் யாரிடமும் விலை பேசவில்லை. சொந்தப் பாட்டனின் மாளிகையையே பெயர்த்து வந்தார்!

அவர்தான் சொக்கநாத நாயக்கர்.

இளம் வயதில் அரியணை

1659-ம் ஆண்டு மதுரையில் திருமலை நாயக்கர் காலமானார். அவருடைய மகன் முத்து வீரப்பர் சில மாதங்களே ஆண்டார். அதே ஆண்டில் பேரன் சொக்கநாதர் பட்டத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு மீசை அரும்பும் வயது.

மதுரை சமவெளியில் உள்ள ஊர். திருச்சிக்கோ மலைக்கோட்டை உண்டு. வடக்கே காவிரி உண்டு. வடக்கே இருந்து படை வந்தால் தடுத்து நிற்கத் திருச்சிதான் ஏற்றது என்று சொக்கநாதர் எண்ணினார். தலைநகரை அங்கே மாற்றினார்.

தலைநகர் என்றால் அரண்மனை வேண்டாமா? அதற்கு அழகான தூண்களும் வேலைப்பாடுகளும் வேண்டாமா? அவருடைய பார்வை மதுரையில் நின்றது.

கலைந்தது கனவு மாளிகை

திருமலை நாயக்கர் 1636-ல் கட்டிய மகால் தென்னாட்டின் அதிசயங்களில் ஒன்று. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய பிரமாண்டமான தூண்கள். மேலே சங்குபோல் பளபளக்கும் சுதைப்பூச்சு. அந்த மகாலின் பல பகுதிகளைச் சொக்கநாதர் பிரித்தெடுத்துத் திருச்சி அரண்மனைக்குக் கொண்டுபோனார் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ரெயில் ஏது, லாரி ஏது? சுமார் 135 கிலோ மீட்டர் தூரம்!

ஆனால் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட முடியுமா? கருங்கல் தூணைப் பெயர்க்கலாம், மரவேலையைக் கழற்றலாம். செங்கல்லும் சுண்ணாம்பும் ஒன்றோடொன்று இறுகிய தூணைப் பெயர்த்தால் மிஞ்சுவது தூள்தான். அந்தந்த ஊர் மண்ணோடு ஒட்டிய வேலை அது. இன்று மதுரையில் நாம் காண்பது பழைய மகாலில் சுமார் நாலில் ஒரு பங்கு. அதுவும் பிற்காலத்தில் சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு (1866–1872) பழுது பார்த்ததால் பிழைத்தது.

சொந்த அரண்மனையில் கைதி

புது அரண்மனை சொக்கநாதருக்கு நிம்மதி தந்ததா? இல்லை.

தஞ்சை மன்னர் விசயராகவ நாயக்கரிடம் பெண் கேட்டார். தஞ்சை மறுத்தது. 1673-ல் போர் மூண்டது. விசயராகவர் களத்தில் மாண்டார். அவர் கட்டளைப்படி தஞ்சை அந்தப்புரம் வெடிமருந்தால் தகர்க்கப்பட்டது. ஆனால் வென்ற தஞ்சையும் நிலைக்கவில்லை. ஓரிரு ஆண்டுகளில் அது மராட்டியர் ஏகோஜியின் கைக்குப் போயிற்று.

மேற்கே மைசூர்ப் படை நிலங்களைப் பறித்தது. கடைசியில், ருஸ்தம் கான் என்ற குதிரைப்படைத் தலைவன் திருச்சிக் கோட்டையையே கைப்பற்றினான். பார்த்துப் பார்த்துக் கட்டிய இடத்தில் மன்னரே கைதியானார்! பிறகு விடுதலை பெற்றாலும், இழந்த நாட்டை அவரால் மீட்க முடியவில்லை. 1682-ல் மனம் உடைந்து மறைந்தார்.

மனைவியின் பெயர் நிலைத்தது

அந்த அரண்மனையின் பெரும்பகுதி இன்று இல்லை. தெப்பக்குளத்துக்கு அருகே தர்பார் மண்டபம் மட்டும் வளைவுகளும் குவிமாடமுமாக நிற்கிறது. அரசு அருங்காட்சியகம் இருப்பது அங்கேதான். அந்த மண்டபத்தை மக்கள் சொக்கநாதர் மகால் என்றா அழைக்கிறார்கள்? இல்லை. ராணி மங்கம்மாள் மகால் என்கிறார்கள்!

மங்கம்மாள் அவருடைய மனைவி. 1689 முதல் 1706 வரை பேரனுக்காக நாட்டை ஆண்டவர். சாலைகளும் சத்திரங்களும் அமைத்துப் புகழ் பெற்றவர். மாளிகைக்குப் பொருள் சேர்த்தவர் பெயர் மறைய, மக்களுக்கு நன்மை செய்தவர் பெயர் நின்றது.

அந்தப் பேரன்தான் விசயரங்க சொக்கநாதர். அவர் ஸ்ரீரங்கம் கோவிலுக்கு அள்ளிக் கொடுத்தார். குடும்பத்தோடு கைகூப்பி நிற்கும் அவருடைய உருவச்சிலையை இன்றும் அந்தக் கோவிலில் காணலாம்.

பழைய தூணை வாங்கிப் புது வீட்டில் வைப்பதில் தவறில்லை. இடிந்த வீட்டின் தூண் அடுப்புக்குப் போகாமல் பிழைப்பது நல்லதே. ஆனால் விலை பேசும்போது ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அந்த வீடு இடிந்ததால் இந்தத் தூண் வந்ததா, இந்தத் தூணுக்காக அந்த வீடு இடிந்ததா?