மீனின் வயிற்றில் கிடைத்த விடை

வடகடலில் ஹெர்ரிங் மீன் பிடிப்போர் இரவில் வலை விரிப்பார்கள். ஒரு படகின் வலை மீனால் கனத்திருக்கும். சிறிது தொலைவில் விரித்த வலையோ வெறுமையாகத் திரும்பும். மீன் எங்கே போகிறது, ஏன் போகிறது? இந்தக் கேள்விக்கு மீனின் வயிற்றுக்குள் விடை தேடினார் அலிஸ்டர் ஹார்டி.

ஹார்டி 1896ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் பிறந்தார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய படிப்பு முதல் உலகப் போரால் தடைப்பட்டது. போர் ஓய்ந்தபின் விலங்கியல் படிப்பை முடித்து, 1921இல் லோஸ்டாஃப்ட் துறைமுக நகரின் மீன்வள ஆய்வுக்கூடத்தில் பணியில் சேர்ந்தார்.

அங்கு அவருக்குக் கிடைத்த வேலை பலரை முகம் சுளிக்க வைக்கும். ஹெர்ரிங் மீன்களின் வயிற்றை அறுக்க வேண்டும். உள்ளே இருப்பவற்றை நுண்ணோக்கியில் பார்த்து இனம் பிரித்து எண்ண வேண்டும். குஞ்சு முதல் முதிர்ந்த மீன்வரை எல்லாப் பருவ மீன்களையும் அவர் இப்படி ஆராய்ந்தார். அவற்றின் உணவில் பெரும்பங்கு மிதவை உயிரிகள், அதாவது நீரோட்டத்தின் போக்கில் மிதந்து செல்லும் சிற்றுயிர்கள். (நாம் சம்பலில் சேர்க்கும் நெத்திலியும் இவற்றைத் தின்று வாழும் மீன்தான்.) முதிர்ந்த ஹெர்ரிங்குக்குக் காலனஸ் என்னும் செந்நிறச் சிற்றுயிர் முக்கிய உணவு. அது ஓர் அரிசி மணியைவிடச் சிறியது.

1924இல் ஹார்டி தம் முடிவுகளை ஒரு வரைபடமாக வெளியிட்டார். எது எதைத் தின்கிறது என்பதைக் காட்டும் கோடுகள் அதில் சிலந்தி வலைபோல் பின்னிக் கிடந்தன. மணல்விலாங்கு என்னும் மெல்லிய மீனை எடுத்துக்கொள்வோம். அதன் குஞ்சுகளும் ஹெர்ரிங்கும் ஒரே வகைச் சிற்றுயிர்களைத் தின்கின்றன. அப்படியானால் அவை போட்டியாளர்கள். ஆனால், ஹெர்ரிங் அந்தக் குஞ்சுகளையும் விழுங்கிவிடுகிறது! ஒரே பந்தியில் அமர்ந்தவரே இலையில் உணவாகவும் மாறும் விந்தை இது.

1925இல் டிஸ்கவரி என்னும் கப்பலில் அவர் தென்முனைக் கடலுக்குச் சென்றார். மிதவை உயிரிகள் கடலில் சீராகப் பரவியிருப்பதில்லை. திட்டுத் திட்டாகவே இருக்கின்றன. ஓரிடத்தில் மட்டும் வலையை இறக்கிப் பார்த்தால் கணக்கு தவறிவிடும். அதனால் கப்பலின் பின்னால் இழுத்துச் செல்லக்கூடிய பதிவுக்கருவி ஒன்றை அவர் உருவாக்கினார். கருவியின் முனையிலுள்ள சிறு துளை வழியாகக் கடல்நீர் நுழையும். உள்ளே மெதுவாக நகரும் நீண்ட பட்டுத்துணி, நீரிலுள்ள உயிரிகளைத் தடுத்துப் பிடிக்கும். துணியை நகர்த்த மின்சாரம் தேவையில்லை; ஓடும் நீரே ஒரு விசிறியைச் சுழற்றி அதை நகர்த்தும். துணியின் எந்தப் பகுதி எந்த இடத்தில் நனைந்தது என்பதைப் பின்னர் கணக்கிட்டுவிடலாம்.

ஹல் நகரில் பேராசிரியராக இருந்தபோது, 1931 முதல் இக்கருவியை வணிகக் கப்பல்களில் பொருத்தி வடகடலை ஆராய்ந்தார். மீனவர்களுக்காக எளிய கருவி ஒன்றையும் அவர் செய்திருந்தார். குழாய் போன்ற அதனுள் ஒரு வட்டப் பட்டுத்துணி இருக்கும். சிறிது தூரம் இழுத்தபின் துணியில் காலனஸ் நிறைய ஒட்டியிருந்தால் வலை விரிக்கலாம். பச்சைப் படலமாக இருந்தால் வேறிடம் பார்ப்பது நல்லது. எல்லா இரவும் இது பலித்ததில்லை. ஆயினும், சராசரியாகப் பார்க்கும்போது காலனஸ் மிகுந்த நீரில் மீனும் மிகுதியாகக் கிடைத்தது.

1957இல் அவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. ஆனால், அவர் வாழ்நாளிலேயே வடகடல் ஹெர்ரிங் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு அருகிப்போனது. 1977இல் அங்கு அதைப் பிடிக்கவே தடை வந்தது. உணவு இருக்கும் இடத்தைக் கண்டறிந்த மனிதர், உண்ண மீனில்லாத கடலையும் பார்க்க நேர்ந்தது.

ஹார்டி 1985இல் காலமானார். அவருடைய பதிவுக்கருவியைச் சரக்குக் கப்பல்களும் பயணிகள் கப்பல்களும் இன்றும் இழுத்துச் செல்கின்றன. உள்ளே அதே பட்டுத்துணிதான் நகர்ந்துகொண்டிருக்கிறது.