சிவகங்கைச் சீமையின் சின்ன மருது

அரச குடியில் பிறந்தவரே நாடாளத் தக்கவர் என்னும் எண்ணம் வேரூன்றியிருந்த காலத்தில், தம் ஆற்றலால் ஒரு சீமையின் பொறுப்பை ஏற்றவர் சின்ன மருது. நரிக்குடியை அடுத்த முக்குளத்தில் 1753-ஆம் ஆண்டில் பிறந்தார். அவரும் தமையனார் பெரிய மருதுவும் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் பணியாளராய்ச் சேர்ந்தனர்.

1772-இல் நவாபின் படையும் கும்பினிப் படையும் காளையார்கோவிலைத் தாக்க, மன்னர் களத்தில் வீழ்ந்தார். மருதிருவர் அரசி வேலு நாச்சியாருடன் விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து, ஐதர் அலியின் துணைபெற்று, 1780-இல் சீமையை மீட்டனர். நாளடைவில் ஆட்சிப் பொறுப்பு அவர்களிடமே வந்தது. பெரியவர் வீரத்திலும் வேட்டையிலும் நாட்டங்கொள்ள, நிர்வாகத்தைச் சின்னவர் சிறுவயலில் இருந்து நடத்தினார்.

1801 மே மாதத்தில் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை சின்ன மருதுவை நாடி வந்தார். அவரை ஒப்படைக்குமாறு கும்பினியார் வற்புறுத்தியும் சின்ன மருது இசையவில்லை. சூன் மாதத்தில் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கக் கோவில் மதிலிலும் அவர் பெயரால் அறிக்கை ஒட்டப்பட்டது. சாதி, சமய வேற்றுமை பாராமல் யாவரும் படைக்கலம் ஏந்தி அந்நியரை எதிர்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். படிப்பவர் அதனைப் பிறருக்கும் பரப்ப வேண்டும் எனவும் அது கேட்டது.

காட்டுப் போரில் கும்பினிப் படை பல மாதங்கள் திணறியது. பீரங்கியால் முடியாததை முடிக்க, வெள்ளையர் வேறொரு கருவியை எடுத்தனர். அது பிறப்பு. மருதிருவர் அரச மரபினர் அல்லர், பணியாளரே என்று பறைசாற்றி, மரபுரிமை உடையவரெனப் படமாத்தூர் கௌரிவல்லப உடையத்தேவரை அவ்வாண்டு செப்டம்பரில் அரசராக்கினர். மக்களின் ஒற்றுமை சிதைந்தது. அக்டோபர் 1-இல் காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருதிருவரும் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் இளமகன் துரைச்சாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802-இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

இளைஞர்களே! ஒருவனது தகுதியை அவனது பிறப்பைக் கொண்டு அளக்கும் வழக்கம் நம் குலத்தை மட்டும் வாட்டவில்லை; நாட்டின் விடுதலைப் போரையே வீழ்த்தியது. அப்போரில் மடிந்த எளியோர் பலரின் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை. ஏட்டைப் படிக்கவும் எழுதவும் வல்லவராய் நீங்கள் உயர்ந்து, விடுபட்ட அப்பெயர்களைத் தேடி எழுதுவீர்களாக!