பிடியரிசிப் பள்ளியில் படித்த வேட்பாளர்

விருதுநகர் வட்டாரத்தில் தேர்தல் வந்துவிட்டால் போதும், சுவர்தோறும் காமராசர் முளைத்துவிடுவார். எந்தக் கொடி பிடித்த வேட்பாளரும் அவர் சிலைக்கு மாலை சூட்டத் தவறுவதில்லை. சூட்டட்டும், நமக்கு மகிழ்ச்சியே! ஆனால் மாலையோடு சேர்த்துச் சாதிக் கணக்கையும் கட்டித் தொங்கவிடுகிறார்களே, அதைத்தான் நம்மால் பொறுக்க முடியவில்லை. எங்கள் ஆள் என்கிறார் ஒருவர். எங்கள் ஓட்டு என்கிறார் இன்னொருவர். அவர் யாருடைய ஆள்? களத்தில் அவரை எதிர்த்து நின்ற இயக்கத்தின் பிள்ளைகள் நாம். ஆகவே இந்தக் கேள்விக்கு விடை கூற நமக்கும் உரிமை உண்டு.

அவர் பிறந்தது 1903ஆம் ஆண்டு ஜூலை 15. ஊர் விருதுபட்டி, அது விருதுநகர் ஆனது பின்னால். அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 1899இல், பக்கத்துச் சிவகாசி பற்றி எரிந்தது. கோயிலுக்குள் நாங்களும் வருவோம் என்று ஒரு சமுதாயம் கேட்டதற்காக மூண்ட கலவரம் அது. ஆண்டவன் சந்நிதிக்குப் போகக் கூடாது, போனால் தீட்டு! அப்படிச் சொல்லப்பட்ட மக்கள் என்ன செய்தார்கள்? கடை வைத்தார்கள், பேட்டை அமைத்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். விருதுபட்டியின் சத்திரிய வித்தியாசாலை எப்படி நடந்தது தெரியுமா? வீட்டுக்கு வீடு, உலையில் அரிசி போடும் முன் தாய்மார்கள் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பார்கள். அந்தப் பிடியரிசி சேர்ந்து பள்ளிக்கூடம் ஆயிற்று. அரசன் கொடுத்த மானியமல்ல, அடுப்படியில் மிச்சம் பிடித்த அரிசி!

அந்தப் பள்ளியில்தான் படித்தார் சிறுவன் காமராசு. எவ்வளவு காலம்? தேங்காய் வணிகம் செய்த தந்தை குமாரசாமி, பிள்ளைக்கு ஆறு வயதாகும்போதே மறைந்தார். தாய் சிவகாமி அம்மையார் மகனையும் மகள் நாகம்மாளையும் வைத்துக்கொண்டு தடுமாறினார். ஏறத்தாழப் 12 வயதில் பள்ளிப்படிப்பு முடிந்தது. தாய்மாமன் துணிக்கடையில் முழக்கோல் பிடிக்கப் போனார் பையன். ஊரார் பிடியரிசி போட்டுப் பள்ளி நடத்தியும், பிழைப்பு அந்தப் பிள்ளையை வெளியே இழுத்துவிட்டது. இதை நினைவில் வையுங்கள், தோழர்களே, பின்னால் வேண்டியிருக்கும்.

கடையில் இருந்தாலும் காது கூட்டத்தில் இருந்தது. 1919இல் அமிர்தசரசில் நடந்த படுகொலை அவரைக் காங்கிரசுக்குத் தள்ளியது. பையன் கெட்டுப்போகிறானே என்று குடும்பம் திருவனந்தபுரத்தில் இருந்த இன்னொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பிப் பார்த்தது. பலிக்கவில்லை. 1930இல் வேதாரண்யம் உப்புப் போராட்டம், அலிப்பூர்ச் சிறை. பிறகு விருதுநகர் வெடிகுண்டு வழக்கு ஒன்று. அதில் குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். இப்படியாக ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன.

இங்கே ஒன்றைச் சாதிக் கணக்குப் போடுவோர் கவனிக்க வேண்டும். அந்நாளில் விருதுநகர் யாருடைய கோட்டை? நம்முடைய கோட்டை! 1931இல் சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு நடந்ததே அந்த ஊரில்தான். வி.வி.இராமசாமி அங்கே நம் இயக்கத்தின் தூண். பட்டிவீரன்பட்டிச் சௌந்திரபாண்டியனார் நீதிக்கட்சியின் பெருந்தலைவர். வணிகப் பெருமக்களில் செல்வாக்குள்ளோர் பலரும் அந்தப் பக்கம் நின்றார்கள். காமராசரோ காங்கிரசு. அதாவது, சொந்த ஊரில், சொந்தச் சமுதாயத்தின் செல்வர்களை எதிர்த்து நின்றுதான் அவர் அரசியல் செய்தார். 1937இல் சாத்தூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றம் போனதும் அந்தச் சூழலில்தான். அந்த மனிதரைச் சாதியின் சரக்காக்கிச் சந்தையில் விற்கிறார்கள்!

1940இல் அவர் வேலூர்ச் சிறையில் இருந்தபோது, விருதுநகர் நகராட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மறு ஆண்டு விடுதலையானார், ஊருக்கு வந்தார், நாற்காலியில் அமர்ந்தார். உடனே பதவி விலகினார். முழு நேரமும் செலுத்திச் செய்ய முடியாத வேலையை வைத்துக்கொண்டிருப்பது முறையல்ல என்பது அவர் எண்ணம். அப்போது அவர் மாகாணக் காங்கிரசின் தலைவர். இரண்டு பதவியையும் வைத்துக்கொண்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? இன்று பதவிக்கு மேல் பதவி அடுக்கி, எதற்கும் போகாமல் எல்லாவற்றுக்கும் பெயர்ப்பலகை மாட்டுவோரை நாம் பார்க்கிறோம். நம் பக்கத்திலும் சிலர் உண்டு, மறைப்பானேன்?

1953இல் ஆச்சாரியார் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளை அரை நாள் பள்ளிக்கு வரட்டும், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது அது. செருப்புத் தைப்பவன் மகன் செருப்புத் தைக்க, முடி வெட்டுபவன் மகன் முடி வெட்ட, மணியாட்டுபவர் மகன் மட்டும் மணியாட்ட வேண்டியதில்லையா? குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டுப் பெரியாரின் இயக்கமும் அண்ணாவின் கழகமும் நாடெங்கும் போராடின. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். திட்டம் குழிக்குள் போயிற்று. அதனால்தான் அதே ஆண்டு குடியாத்தம் இடைத்தேர்தலில் பெரியாரும் ஆதரித்தார், கழகமும் அவரை எதிர்க்கவில்லை, வாழ்த்தியது. எட்டே பேர் கொண்ட அவர் அமைச்சரவையில், அறநிலையத்துறையை ஆதித்திராவிடரான பரமேசுவரனிடம் தந்தார். 1899இல் சிவகாசியில் மூடப்பட்ட கதவை நினைத்துப் பாருங்கள்!

1956இல் வந்தது மதிய உணவு. படிக்க வா என்று பிள்ளையைக் கூப்பிட்டால் போதாது. அவன் வயிறும் கூடவே வருகிறது என்பதைத் துணிக்கடைக்குப் போன அந்தப் பையன் அறிவான். முதலில் ஊர்மக்களிடமிருந்தே அரிசியும் பருப்பும் விறகும் திரட்டினார்கள். விருதுபட்டியின் பிடியரிசி மாநிலத்துக்கு வந்துவிட்டது! பட்டம் பெற்றோர் வகுத்த திட்டங்கள் எத்தனையோ காகிதத்தில் செத்தன. இதை வகுத்தவர் உயர்நிலைப் பள்ளியையே முடிக்காதவர்.

ஆயினும் அவர் வீட்டு வாசலிலேயே வேறொரு காட்சியும் உண்டு. சாத்தூரிலும் சிவகாசியிலும் தீப்பெட்டித் தொழில் வளர்ந்தது, பட்டாசு வளர்ந்தது. விடியுமுன் கிராமத்துக்கு வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகள் ஏறிப்போய்ச் சட்டத்தில் குச்சி அடுக்குவார்கள். உணவு போட்டுப் பள்ளி அழைத்தது. கூலி காட்டித் தொழிற்சாலை அழைத்தது. வெகு காலம் கூலியே வென்றது. 1986இல் சட்டம் வந்தும், 1996இல் உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகே நிலைமை மெல்ல மாறத் தொடங்கியது.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். 1956இல், அதே விருதுநகரில், இந்த நிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டுங்கள் என்று கேட்டு உண்ணாநோன்பு இருந்தார் சங்கரலிங்கனார். ஜூலை 27இல் தொடங்கிய நோன்பு அக்டோபர் 13இல் அவர் உயிரோடு முடிந்தது. முதலமைச்சர் அவர் ஊர்க்காரர்; கோரிக்கையோ ஒரு பெயர். கொடுக்கவில்லை. தில்லியின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட கட்சியில் இருந்ததன் விலை அது. அந்தப் பெயரை 1967இல் சட்டமன்றத்தில் நிறைவேற்றியவர் அண்ணா. இதை மறந்துவிட்டு அவரைப் பாட நம்மால் ஆகாது.

1963இல், அக்டோபர் 2ஆம் நாள், முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார். அகில இந்தியத் தலைவரானார். இரண்டு பிரதமர்கள் வரக் காரணமானார். 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் எரிந்தது, அரிசிக்கும் பஞ்சம். 1967இல் சொந்த விருதுநகரில் நின்றவரை, மொழிப் போரில் நின்ற மாணவர் சீனிவாசன் 1285 வாக்குகளில் தோற்கடித்தார். மாமலை சரிந்தது, அதைச் சரித்தது சின்ன உளி! நம் தோழர்கள் துள்ளினார்கள். அண்ணாவோ மகிழவில்லை என்பது நம் கழகத்தில் மூத்தோர் வழிவழியாகச் சொல்லும் செய்தி. தோற்றவர் ஊரைத் திட்டவில்லை, வாக்குப் பெட்டியைத் திட்டவில்லை. 1969இல் நாகர்கோவிலில் நின்று நாடாளுமன்றம் போனார்.

1975, நெருக்கடி நிலைக் காலம். மீண்டும் ஓர் அக்டோபர் 2. சென்னை திருமலைப்பிள்ளை சாலை வாடகை வீட்டில் அவர் மூச்சு நின்றது. சேர்த்துவைத்த சொத்து எதுவும் இல்லை, மனைவி மக்கள் இல்லை. கிண்டியில் காந்தி மண்டபத்தின் அருகே இடம் தேர்ந்து, அரசு மரியாதையோடு அவரை வழியனுப்பியது கலைஞரின் அரசு. எட்டு ஆண்டுகளுக்கு முன் விருதுநகரில் அவரை வென்ற கழகத்தின் அரசு.