தனக்குப் போதும் என்றவர், பிறருக்குப் போதாது என்றார்

பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், உணவும் உடையும் இருக்குமாயின் அதிலே நிறைவு காண வேண்டும் என்று போதிக்கிறார். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் உள்ள தோட்டத்து ஆலயங்களில் இப்பகுதி அடிக்கடி பிரசங்கிக்கப்படுகிறது. அதே அதிகாரத்தின் பிற்பகுதியில் ஐசுவரியவான்களுக்கு அவர் இடும் கட்டளையோ அவ்வளவாகப் பிரசங்கிக்கப்படுவதில்லை. இவ்விரண்டையும் ஒருசேர வாழ்ந்து காட்டிய ஒருவர் சார்ள்ஸ் பிரீயர் அன்ட்ரூஸ்.

1871ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் அவர் பிறந்தார். அவருடைய இளம்பிராயத்தில், தாயாரின் சொத்துக்குப் பொறுப்பாளராயிருந்த குடும்ப நண்பர் அதனை இழந்துபோகச் செய்தார். குடும்பம் வறுமையில் விழுந்தது. தந்தையாரோ அந்த நண்பர்மீது வழக்குத் தொடராமல் அவருக்காக ஜெபித்தார். அன்று வீட்டார் முழங்காற்படியிட்ட காட்சி அன்ட்ரூஸின் உள்ளத்தில் ஆயுள் முழுவதும் நிலைத்திருந்தது. இழப்பு வந்தபோது எது அவசியம், எது ஆசை என்பதைச் சிறுவயதிலேயே அவர் கற்றுக்கொண்டார் எனலாம்.

கேம்பிரிட்ஜில் கல்வி கற்று, இலண்டனின் ஏழைகள் வாழ்ந்த வால்வேர்த் பகுதியில் ஊழியஞ்செய்து, 1904ஆம் ஆண்டு டெல்லி புனித ஸ்தேவான் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். 1914இல் தென்னாபிரிக்காவுக்குச் சென்று காந்தியடிகளைச் சந்தித்தார். பின்னர் தாகூரின் சாந்திநிகேதனை இல்லமாக்கிக்கொண்டார். அவர் திருமணஞ் செய்யவில்லை. தம்மிடமிருந்த உடையையும் பணத்தையும் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துவிடும் அவருடைய வழக்கம் நண்பர்களுக்கு வேடிக்கையாகவும் கவலையாகவும் இருந்தது. பயணம் புறப்படும்போது இருந்த பொருள் திரும்பி வரும்போது இருப்பது அரிது.

தமக்கென ஒன்றும் வேண்டாதவர்கள் பிறரையும் அப்படியே இருக்கச் சொல்வது உலக வழக்கம். அன்ட்ரூஸ் அவ்வாறு செய்யவில்லை என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. 1915இல் அவர் நண்பர் பியர்சனுடன் பீஜித் தீவுக்குச் சென்றார். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டு கரும்புத் தோட்டங்களில் உழைத்த இந்தியரின் நிலையை ஆராய்ந்தார். 1903 முதல் சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழரும் அவர்களுள் இருந்தனர். அங்கு கண்டவற்றை எழுதி வெளியிட்டார். 1917இல் மறுபடியும் சென்றார். 1920 ஜனவரி முதலாம் திகதி அங்கிருந்த ஒப்பந்தங்கள் யாவும் ரத்தாயின. ஏழைகளின் நண்பர் எனப் பொருள்படும் தீனபந்து என்ற பெயரால் மக்கள் அவரை அழைக்கலாயினர்.

தேயிலைத் தோட்ட மக்களாகிய நமக்கு அவருடைய வாழ்வில் மிக நெருக்கமான பகுதி 1921ஆம் ஆண்டு மே மாதத்தில் நிகழ்ந்தது. அசாம் மாகாணத்தின் சர்கோலாப் பள்ளத்தாக்கில், நாட்கூலியாகச் சில அணாக்களே பெற்று வந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கைக்குழந்தைகளோடு தோட்டங்களை விட்டு வெளியேறி, சொந்த ஊர் நோக்கி நடக்கத் தொடங்கினர். மேக்னா ஆற்றங்கரையிலுள்ள சாந்த்பூரில் அவர்கள் பயணம் தடைப்பட்டது. மே 20ஆம் திகதி இரவு, புகையிரத நிலையத்தில் படுத்திருந்தவர்களைக் கூர்க்காப் படையினர் அடித்து விரட்டினர். தொடர்ந்து வாந்திபேதி பரவியது. அன்ட்ரூஸ் அங்கு விரைந்தார். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். ஊர் திரும்பும் செலவை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்று மன்றாடினார், அரசாங்கம் மறுத்தது. பொதுமக்களின் உதவியினாலேயே பலர் ஊர் சேர்ந்தனர். அத்தொழிலாளர்கள் பொன்னும் பட்டும் கேட்டுப் புறப்பட்டவர்கள் அல்லர். வயிற்றுக்குச் சோறு கேட்டவர்கள். அவர்களிடம் திருப்தியைப் பற்றிப் போதிக்க அன்ட்ரூஸ் வாய் திறக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்.

அதே 1921ஆம் ஆண்டில்தான் இலங்கையில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டில் எழுதி, அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்திடம் தொழிலாளியை ஒப்படைக்கும் முறை அது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஒரு குடும்பம் உயிர் வாழ எவ்வளவு தேவை என்ற கேள்வி அப்போதுதான் சட்டத்துக்குள் நுழைந்தது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின்பின் 2021இலேதான் சட்டமானது. இதனைப் பேராசை என்று கூறியோரும் இருந்தனர்!

எனினும் நமக்குள்ளும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி உண்டு. பண்டிகை முற்பணம் பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்துக்குப் போகிறதா, அடுத்த லயத்தாருக்குக் காட்ட வாங்கும் பொருளுக்குப் போகிறதா? சடங்கு வீட்டுச் செலவுக்காக அடகுக் கடைக்குப் போன தாலிக்கொடி எத்தனை? பழைய துண்டு கங்காணியின் கையில் இருந்தது. இன்று தவணைப் பணத்துக்கான துண்டில் நாமே கையெழுத்திடுகிறோம். சம்பள உயர்வு கேட்கும் உரிமையும் இக்கேள்வியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அன்ட்ரூஸின் வாழ்வில் இரண்டும் ஒரே விசுவாசத்தில் வேரூன்றியிருந்தன. பசியுள்ளவனிலும் வஸ்திரமில்லாதவனிலும் கிறிஸ்துவைக் காணவேண்டும் என்று மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரம் சொல்வதை அவர் எழுத்துப்படியே எடுத்துக்கொண்டார்.

1940 ஏப்ரல் 5ஆம் திகதி அவர் கல்கத்தாவில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்நகரின் லோவர் சர்க்கியுலர் வீதிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கஞ்செய்யப்பட்டார்.