சுயேச்சையாக வென்ற வி.வி.கிரி: அதிகார எல்லையை உணர்த்திய ரயில்வே வேலைநிறுத்தம்

திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆளுநர் மாளிகையில் 1960 முதல் 1965 வரை கேரள ஆளுநராக இருந்தவர் வி.வி.கிரி. பின்னாளில் சுயேச்சையாகப் போட்டியிட்டுக் குடியரசுத் தலைவரானார்.

1894-ல் பெர்ஹாம்பூரில் பிறந்த அவர், ரயில்வே தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்தவர். மத்திய தொழிலாளர் துறை அமைச்சராக இருந்தபோது, வங்கி ஊழியர்களுக்கான தீர்ப்பாய முடிவை அரசு மாற்றியதை ஏற்காமல் 1954-ல் பதவி விலகினார்.

1969 மே மாதம் ஜாகிர் உசேன் மறைந்ததும், குடியரசு துணைத் தலைவரான கிரி அப்பொறுப்பை ஏற்றார். ஜூலை 19-ல் வங்கிகள் தேசியமயமாக்கல் அவசரச் சட்டத்தில் கையொப்பமிட்டு, மறுநாளே விலகித் தேர்தல் களம் கண்டார். காங்கிரசின் அதிகாரப்பூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. எனினும் பிரதமர் இந்திரா காந்தியின் ஆதரவு கிரிக்கே இருந்தது. சுதந்திரா, ஜனசங்கக் கட்சிகள் நிறுத்திய சி.டி.தேஷ்முக் 1,12,769 வாக்குகள் பெற்றதால், முதல் சுற்றில் எவருக்கும் தேவையான வாக்குகள் கிடைக்கவில்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளும் எண்ணப்பட்ட பின்னரே கிரி 4,20,077 வாக்குகளுடன் வென்றார். ரெட்டிக்கு 4,05,427.

கட்சியின் தயவின்றி வென்றவருக்கும் அமைச்சரவையின் ஆலோசனையை மீற இடமில்லை. 1974 மே மாதம், கிரி முன்பு தலைமை வகித்த அகில இந்திய ரயில்வே தொழிலாளர் சம்மேளனம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் கைதாயினர், 20 நாட்களில் போராட்டம் ஒடுங்கியது. அமைச்சராக 1954-ல் செய்ததைக் குடியரசுத் தலைவராக அவர் செய்யவில்லை.

அமைச்சரவையின் ஆலோசனைப்படியே குடியரசுத் தலைவர் செயல்பட வேண்டும் என ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1974 ஆகஸ்ட் 23-ல். மறுநாள் கிரியின் பதவிக்காலம் முடிந்தது. 1980 ஜூன் 24-ல் சென்னையில் காலமானார்.