கல்லாய்ந்த கலாயோகி

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைச் சிவ நடனத்தின் பொருளை உலகுக்கு உரைத்தவராகவே நம் இலக்கிய வட்டத்தார் அறிவர். அவர் கல்லாய்ந்த காலத்தை, இளமையில் வழிதவறிய சில ஆண்டுகள் போல ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர். அஃது எனக்கு உடன்பாடன்று.

1877 ஆகஸ்டு 22இல் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி, அரிச்சந்திரன் கதையை ஆங்கிலமாக்கியவர். தாயார் எலிசபெத், ஆங்கில மாது. 1879இல் தந்தையார் மறையவே, மகவு தாயுடன் இங்கிலாந்தில் வளர்ந்தது. இலண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரியில் தாவரவியலும் புவிச்சரிதவியலும் பயின்றார். 1900இல், இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய அவரது கட்டுரை இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது.

1903இல் இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதி தோன்றியபோது அதன் முதற் பணிப்பாளர் அவரே. வயது இருபத்தைந்து!

அவர் எதிர்கொண்ட புதிர் எளியதன்று. பட்டிப்பொல புகையிரத நிலையம் ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில் உள்ளது. அதற்கப்பால் ஒகியா நோக்கிச் செல்லும் பாதையோரப் பாறை வெட்டுகளை மாணவருக்குப் பன்முறை காட்டியிருக்கிறேன். கருமையும் வெண்மையுமாய் வரிகள் ஓடும். பிசைந்த மாவை மடித்தாற்போல வளைந்திருக்கும். இடையிடையே மாதுளை முத்துப்போலச் செம்மணிகள் பதிந்திருக்கும். சேறும் மணலும் சுண்ணமும் நிலத்தின் ஆழத்திற் புதையுண்டு, பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருகாமலே உருமாறிய கோலம் அது. களி செம்மணிப் பாறையாயிற்று, சுண்ணக்கல் பளிங்காயிற்று. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இலங்கையும் தென்னிந்தியாவும் மடகாசுக்கரும் அந்தாட்டிக்காவும் ஒரே பெருநிலமாய் நெருங்கியபோது இம்மடிப்புகள் நேர்ந்தன என்பது இன்றைய துணிபு. குமாரசுவாமி பணிசெய்த நாளில் இவ்விளக்கம் இல்லை. கண்டங்கள் நகரும் என்னும் கருத்தை வேகனர் வெளியிட்டதே 1912இல் தான். ஆயினும் நம் மலைப்பாறை பலவும் சென்னைக்கருகிற் பல்லாவரத்துக் கருங்கல்லின் இனம் என அவர் கண்டுகொண்டார்.

பலாங்கொடைப் பக்கத்து மணிக்கல் அகழிகளிற் கிடைத்த கரிய கனசதுரக் கற்கள் 1904இல் அவர் வழியாக இலண்டன் சென்றன. தோரியம் மிகுந்த புதுக்கனியம் எனத் தெரிந்து, தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. அதிலிருந்தே 1905இல் ஒற்றோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞர், குமாரசுவாமி பயின்ற அதே கல்லூரியில், புதிய கதிர்வீசு பொருளொன்றைப் பிரித்தெடுத்தார். பின்னர் அணுப்பிளவுக்காக நோபெல் பரிசு பெற்றவர் அவர்தாம்.

ஆய்வுப்பணிக்காகச் சிற்றூர் தோறும் திரிந்தபோதுதான், கண்டி நாட்டுக் கொல்லரும் தச்சரும் நெசவாளரும் தொழிலிழந்து நிற்பதைக் கண்டார். துணைவியார் எத்தெல் நிழற்படம் எடுக்க, கணவர் குறிப்பெழுதினார். கல்லின் வரியைப் பொறுமையோடு படித்த கண்ணே பின்னர் ஓலைச்சுவடியின் சட்டத்தையும் வெண்கலப் படிமத்தையும் படித்தது என்பேன். 1906இல் இலங்கைப் புவிச்சரிதவியலாய்வுக்காக இலண்டன் சர்வகலாசாலை டாக்டர் பட்டம் அளித்தது. அவ்வாண்டோடு பதவியும் முடிந்தது. 1908இல் வந்த பெருநூலோ கல்லைப் பற்றியதன்று. இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றியது.

1917 முதல் பொஸ்தன் நுண்கலைக் காட்சிசாலையிற் பணியாற்றி, 1947 செப்டெம்பர் 9இல் அமெரிக்காவின் நீதம் நகரில் மறைந்தார். அவர் தொடங்கிய ஆய்வுப்பகுதியோ பெயர்கள் மாறி இன்றும் நடைபெறுகின்றது.