நடைபாதையில் நின்றதற்கு 7 மாத சிறை: யார் இந்த ஆலிஸ் பால்?

1917 அக்டோபரில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு பெண்ணுக்கு 7 மாத சிறைத் தண்டனை கிடைத்தது. அவர் செய்தது இவ்வளவுதான்: வெள்ளை மாளிகை கேட் முன்னால் பேனர் பிடித்து நின்றார். கேட்டது பெண்களுக்கு ஓட்டுரிமை. போலீஸ் போட்ட கேஸோ போக்குவரத்துக்கு இடையூறு!

அவர்தான் ஆலிஸ் பால். அப்போது வயது 32. அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமை என்று பேச்செடுத்தாலே முதல் வரிசையில் வரும் பெயர். ஓர் அரசியல் வழக்கை சாதாரண டிராஃபிக் கேஸ் போல அரசு எப்படி நடத்தியது? அதை உடைத்தது எது? அவர் வாழ்க்கையில் இதற்கு விடை இருக்கிறது.

பண்ணை வீட்டிலிருந்து லண்டன் சிறைக்கு

1885 ஜனவரி 11-ல் நியூஜெர்சி மாகாணத்தின் மவுன்ட் லாரல் என்ற ஊரில் பிறந்தார் ஆலிஸ். வசதியான விவசாயக் குடும்பம். ஆணும் பெண்ணும் சமம் என்று நம்பும் குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். வாக்குரிமைக் கூட்டங்களுக்கு அம்மா மகளையும் கூட்டிப் போவார்.

1907-ல் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனார். அங்கே எம்மலைன் பாங்க்ஹர்ஸ்ட் தலைமையில் பெண்கள் ஓட்டுரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஆலிஸும் அதில் இறங்கினார். அங்கு மட்டும் 7 முறை கைது, 3 முறை சிறை. உண்ணாவிரதம் இருந்தபோது குழாயைச் செருகி வலுக்கட்டாயமாக உணவு செலுத்தினார்கள். லண்டன் போலீஸ் ஸ்டேஷன் ஒன்றில்தான் லூசி பர்ன்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கப் பெண்ணைச் சந்தித்தார். வாக்குரிமைப் போராட்டத்தில் கூட நின்ற தோழி அவர்.

1910-ல் நாடு திரும்பிய ஆலிஸ், 1912-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 1913 மார்ச் 3-ல், உட்ரோ வில்சன் அதிபராகப் பதவியேற்பதற்கு முந்தைய நாள், ஆயிரக்கணக்கான பெண்களைத் திரட்டி வாஷிங்டனில் பேரணி நடத்தினார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் தாக்கியது, போலீஸ் சும்மா நின்றது. செனட் விசாரணை வரை போனது விவகாரம்.

அதே பேரணியில் ஒரு கறையும் உண்டு. தென் மாகாணத்து வெள்ளையினப் பெண்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று, கறுப்பினப் பெண்களைப் பின்வரிசையில் வரச் சொன்னார்கள் அமைப்பாளர்கள். பத்திரிகையாளர் ஐடா பி.வெல்ஸ் அதை ஏற்காமல், தன் மாகாணக் குழுவோடு சேர்ந்தே நடந்தார். ஆலிஸ் மீதான இந்த விமர்சனம் இன்றும் தீரவில்லை.

அதிபர் சொன்ன வார்த்தையே பேனரில்

1917 ஜனவரி 10. வெள்ளை மாளிகை வாசலில் பெண்கள் வரிசையாக நிற்க ஆரம்பித்தார்கள். கோஷம் கிடையாது, கையில் பேனர் மட்டும். மழை, பனி எதற்கும் நகரவில்லை. முதலில் அரசு கண்டுகொள்ளவில்லை. ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் நிலைமை மாறியது. போர்க்காலத்தில் அதிபரை விமர்சிப்பது தேசத்துரோகம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது.

ஜூன் மாதம் கைது தொடங்கியது. ஜூன் 22-ல் கைதான லூசி பர்ன்ஸின் பேனரில் இருந்தது, ஜனநாயகத்துக்காகப் போரிடுவது பற்றி வில்சன் ஆற்றிய உரையின் வரிகள்! அதிபர் சொன்னதையே எழுதியதற்கு எந்தச் சட்டத்தில் கேஸ் போடுவது? அதனால்தான் போக்குவரத்துக்கு இடையூறு என்ற பிரிவு. பேனரில் என்ன எழுதியிருந்தது என்ற பேச்சே கோர்ட்டில் எழாது. நடைபாதையில் நின்றார்களா, கூட்டம் கூடியதா? அவ்வளவுதான் கேள்வி.

ஜூலையில் 16 பெண்களுக்கு 25 டாலர் அபராதம் அல்லது 60 நாள் சிறை என்று தீர்ப்பு வந்தது. அபராதம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று சிறைக்குப் போனார்கள். அவர்களை வில்சனே மன்னித்து விடுதலை செய்தார். ஆனாலும் பெண்கள் வாசலை விட்டு நகரவில்லை. கைதும் நிற்கவில்லை, தண்டனைதான் கூடிக்கொண்டே போனது.

சிறைக்குள் லூசி பர்ன்ஸும் மற்றவர்களும் ஒரு மனு தயாரித்தார்கள். நாங்கள் கிரிமினல்கள் கிடையாது, அரசியல் கைதிகள், அப்படியே நடத்துங்கள் என்பது கோரிக்கை. கையெழுத்துப் போட்டவர்களைத் தனிமைச் சிறையில் அடைத்தது நிர்வாகம்.

மனநல வார்டில் ஒரு கைதி

அக்டோபர் 20-ல் ஆலிஸ் கைதானார். 7 மாத தண்டனை. அரசியல் கைதி அந்தஸ்து கேட்டு அக்டோபர் 30-ல், சக கைதி ரோஸ் வின்ஸ்லோவுடன் உண்ணாவிரதம் தொடங்கினார். மறுபடியும் குழாய் வழியாகக் கட்டாய உணவு.

அடுத்து நடந்ததுதான் கொடுமையின் உச்சம். ஆலிஸை மனநல வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னலைப் பலகை வைத்து அடித்தார்கள். ராத்திரி மணிக்கொரு தரம் முகத்தில் லைட் அடித்துத் தூங்கவிடாமல் செய்தார்கள். இதில் பெரிய ஆபத்து இருந்தது. தண்டனைக் கைதிக்கு விடுதலை தேதி என்று ஒன்று உண்டு. மனநோயாளி என்று முத்திரை விழுந்துவிட்டால் தேதியும் இல்லை, அவர் கோரிக்கைக்கு மதிப்பும் இல்லை. ஆனால், பரிசோதித்த மனநல மருத்துவர் ஆலிஸ் தெளிவாகத்தான் இருக்கிறார் என்று முடிவு சொன்னார்.

நவம்பர் 14 இரவு, வர்ஜீனியாவின் ஆக்குவான் சிறையில் மற்ற பெண்களைக் காவலர்கள் அடித்து இழுத்துப் போட்டார்கள். லூசி பர்ன்ஸின் கைகளைத் தலைக்கு மேலே தூக்கி அறைக் கதவில் விலங்கிட்டார்கள். வரலாற்றில் இதற்குப் பெயர் பயங்கர இரவு.

பதவியை உதறிய வழக்கறிஞர்

பெண்கள் பக்கம் நின்றவர் வழக்கறிஞர் டட்லி ஃபீல்ட் மலோன். நியூயார்க் துறைமுகத்தின் சுங்க வசூல் தலைமை அதிகாரி. வில்சனின் நெருங்கிய நண்பர், தேர்தலில் அவருக்காக ஓட்டுக் கேட்டவர். இந்தக் கைதுகளைக் கண்டித்து 1917 செப்டம்பரில் பதவியை ராஜினாமா செய்துவிட்டு, பெண்களுக்காக வாதாட வந்தார்.

ஆட்கொணர்வு மனு போடுவேன் என்று அவர் எச்சரித்த பிறகுதான் ஆலிஸை மனநல வார்டிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். ஆக்குவான் பெண்களுக்காகப் போட்ட ஆட்கொணர்வு மனு நவம்பர் 23-ல் விசாரணைக்கு வந்தது. நடக்கவே முடியாத நிலையில் சிலரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்ததை ஊரே பார்த்தது. வாஷிங்டனில் தண்டனை பெற்றவர்களை வர்ஜீனியாவில் அடைத்தது தவறு என்றார் நீதிபதி. செய்தி பரவியது, அரசுக்கு நெருக்கடி. நவம்பர் 27, 28-ல் ஆலிஸ் உட்பட எல்லோரும் விடுதலை.

1918 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. குற்றச்சாட்டு தெளிவில்லாதது, தண்டனை செல்லாது என்றது நீதிமன்றம். கேஸில் ஆரம்பத்திலிருந்தே சாரம் இல்லை என்பது அப்போதுதான் பதிவானது. ஆனால், அதற்குள் அவர்கள் சிறையில் கழித்த நாட்களை யார் திருப்பித் தருவது?

ஓட்டுக்குப் பிறகு

1918 ஜனவரியில் வில்சன் பெண்கள் வாக்குரிமைக்கு ஆதரவு தெரிவித்தார். 1919-ல் காங்கிரஸ் நிறைவேற்றிய 19-வது சட்டத் திருத்தம், 1920 ஆகஸ்டில் டென்னஸி மாகாணத்தின் ஒப்புதலோடு அமலுக்கு வந்தது. தென் மாகாணங்களில் கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் தேர்வு, வரி, மிரட்டல் என்று தடைகள் 1965 வரை தொடர்ந்தன.

ஆலிஸ் ஓய்வெடுக்கவில்லை. சட்டம் படித்தார். 1923-ல் சம உரிமைச் சட்டத் திருத்தத்தை முன்வைத்தார். காங்கிரஸ் அதை நிறைவேற்றியது 1972-ல். அமலாக 38 மாகாணங்கள் சம்மதிக்க வேண்டும். 1977 ஜூலை 9-ல், 92 வயதில் ஆலிஸ் இறந்தபோது 35 மாகாணங்கள்தான் ஒப்புதல் தந்திருந்தன.

எதற்காகக் கைது செய்கிறோம் என்பதை வெளியே சொல்ல முடியாதபோது, அரசுகள் சின்னச் சின்ன சட்டப் பிரிவுகளைத் தேடிப் பிடிக்கும். இது அரசியல் வழக்கு என்று உள்ளே இருப்பவர் விடாமல் சொல்ல வேண்டும். அதை கோர்ட்டில் எழுந்து சொல்ல வெளியே ஒருவராவது வேண்டும். 1917-ல் வாஷிங்டனில் இரண்டும் நடந்தன.